உள்ளங்கால் பார்க்கும் கண்ணாடி

ஜெலுத்தோங் கிளினிக்கில்
மிஸ்ஸி நோர்ஹஸ்லிண்டா கேட்டார்:
"என்சிக் கதிரொளி, கடைசியாக எப்போது
உங்கள் உள்ளங்காலைப் பார்த்தீர்கள்?"

எனக்கு வயது ஐம்பத்து மூன்று.
முகத்தைத் தினமும் பார்க்கிறேன், சவரத்துக்காக.
டயரைத் தினமும் பார்க்கிறேன்
பஸ்ஸை எடுக்கும் முன்:
காற்று, வெடிப்பு, ஆணி.
காலும் ஒரு டயர்தான் என்று
தோன்றியதே இல்லை.

கண்ணை மூடச் சொன்னார்.
நைலான் இழை ஒன்றால் தொடுவாராம்.
"தெரிகிறதா?"
"தெரிகிறது" என்றேன் உடனே.
அவர் இன்னும் தொடவே இல்லை.

அன்றிரவு
பாயா தெருபோங் பிளாட், பதினோராம் மாடி.
பூங்குழலி தொழிற்சாலை பஸ் ஏறிப் போனதும்
அவள் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றித்
தரையில் வைத்தேன்.
அவளிடம் சொல்லவில்லை.
எப்படிச் சொல்வது,
உன் முகம் இருந்த இடத்தில் என் கால் என்று?

வலது கால். பிரேக் மிதிக்கும் கால்.
குதியில் வெடிப்புகள்,
லெபோ பந்தாய் பழைய கட்டடத்துச் சுவர் மாதிரி.
நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி.
விரலால் தடவினேன்.
வலிக்கவில்லை.
வலிக்காவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்றிருந்தார் மிஸ்ஸி.
வியர்த்துவிட்டது.
காலை நகர்த்தினேன்.
கால் நகர்ந்தது, புள்ளி நகரவில்லை.

பூங்குழலியின் ஒட்டுப் பொட்டு.

அப்புறம் அது பழக்கமானது.
தண்ணீர்ச் சூட்டை முழங்கையால் சோதிப்பது
(காலை நம்ப முடியாது, அது பொய் சொல்லும்).
விரலிடுக்கை ஒற்றித் துடைப்பது.
குதிக்குக் களிம்பு, இடுக்குக்குக் கிடையாது.
நகத்தை நேராக வெட்டுவது.
கறுப்புச் சாக்ஸ் எல்லாம் குப்பைக்கு;
வெள்ளையென்றால் ரத்தத்தை மறைக்காது.
தே தாரிக் கோசோங் என்றால்
கடைக்கார அண்ணன் இன்னும் சிரிக்கிறார்.
சிரிக்கட்டும்.

தைப்பூசத்தன்று எனக்கு விடுமுறை.
காவடி இல்லை, நேர்த்தி இல்லை,
வெறுமனே பார்க்கப் போனேன்.
தண்ணீர்மலைச் சாலையெல்லாம் தேங்காய்ச் சில்லு.
ஒரு பந்தலில் மோர் கொடுத்தார்கள்.
உள்ளே சாமி படம்.
சிலிப்பரைக் கழற்றினேன்.
நாலே எட்டு.
மோர் குடித்தேன், மாட்டினேன், வந்தேன்.

இரவு கண்ணாடியில் சிவப்புப் புள்ளி.
பொட்டு என்று நினைத்து எழுந்துவிட்டேன்.
மறுநாளும் பொட்டு.
அதற்கு மறுநாளும்.

நாலாம் நாள் விளக்கை மாற்றியிருந்தாள் பூங்குழலி,
வெள்ளை வெளிச்சம்.
காலை நகர்த்தினேன்.
புள்ளியும் நகர்ந்தது.

நகக்கண் அளவு ஓட்டுச் சில்லு.
அதன்மேல் ஏறி நின்று
நாலு நாள்
கொம்தாருக்கும் பாலிக் புலாவுக்கும்
பிரேக் மிதித்திருக்கிறேன்.
பின்னால் நாற்பது பேர்
போனைப் பார்த்தபடி.

மிஸ்ஸி திட்டவில்லை.
திட்டியிருந்தால் தேவலை.
கழுவினார், கட்டினார்,
"இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால்" என்றார்.
மீதியைச் சொல்லாமல்
அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.

காலை ஏழரைக்குக்
கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்திருந்தேன்.
தொழிற்சாலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல்
முழுக்கதையும் கேட்டாள் பூங்குழலி.
"என் கண்ணாடியிலா?" என்றாள்.
அதுதான் முதலில் கேட்டது.
பிறகு கண்ணாடியைத் துடைத்தாள்.
பொட்டுகளை ஒவ்வொன்றாக உரித்து
அரிசிக்கடை காலண்டரின் ஓரத்தில் வரிசையாக ஒட்டினாள்.
"காலைப் பார்த்த நாளில் ஒன்று எடுத்து
அந்தத் தேதியில் ஒட்டு.
வந்து பார்ப்பேன்."

இந்த மாதம் இருபத்தோரு பொட்டு.
பதினாறாம் தேதி மட்டும் வெறுமை.
அன்று பாலத்தில் நெரிசல், அலுப்பு,
அப்படியே படுத்துவிட்டேன்.
ஒட்டியிருக்கலாம்.
யாருக்குத் தெரியப் போகிறது?

ஒட்டவில்லை.
அந்தக் கட்டத்தில்
அவள் பேனாவால் ஒரு சின்ன
செருப்பு வரைந்திருக்கிறாள்.